உங்களுக்குத் தெரியுமா? தீ ஒரு கடையில், புகை அடுத்த கடையில்!

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று மருந்தோடும் காகிதத்தோடும் புழங்கும் வட்டாரம் நம்முடையது. தீயை எப்படிக் கட்டிப்போடுவது என்பதற்கு ஆலைக்குள் கறாரான விதிகள் உண்டு. அதே ஆலைக்காரர் பஜாரில் காம்ப்ளக்ஸ் கட்டும்போது அந்த விதிகள் மறந்துபோகின்றன. கடை, லாட்ஜ், மண்டபம், மருத்துவமனை வைத்திருப்பவர்களும் அங்கே போய்வருபவர்களும் தெரிந்துகொள்ளச் சில துணுக்குகள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

2016 அக்டோபர் 20. தீபாவளிக்கு இன்னும் 9 நாள். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் சரக்கைக் கையாளும்போது தீப்பிடித்தது. குறைந்தது 8 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டாசோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்கு வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்தான் அவர்கள். உள்ளே புகுந்த புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆகவே இடம் வாடகைக்குப் பிடிக்கும்போது அட்வான்ஸ், வாடகையோடு சேர்த்து இன்னொன்றும் விசாரியுங்கள்: பக்கத்துக் கடையில் என்ன ஸ்டாக் இருக்கிறது?

ஈரத்துணி போதுமா?

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலை கிறுகிறுக்கும், பிறகு புத்தி தடுமாறும், கதவு எதிரே இருந்தாலும் கால் நகராது. மூக்கில் ஈரத்துணி கட்டினால் கரித்தூள் ஓரளவு தடைபடும். இந்த வாயு தடைபடாது. ஈரத்துணி தேடி நேரத்தை வீணாக்காமல், குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுவதே நல்லது. சூடான புகை மேலே நிற்பதால் தரையை ஒட்டித்தான் கொஞ்சமாவது நல்ல காற்று இருக்கும்.

3ஆம் மாடியில் தீ, 7ஆம் மாடியில் சாவு

ஜப்பானின் ஒசாகா நகரில் சென்னிச்சி பல்பொருள் அங்காடிக் கட்டடம். 1972 மே 13 இரவு, 3ஆம் மாடியின் துணிப் பகுதியில் தீப்பிடித்தது. 4ஆம் மாடிக்கு மேல் தீ ஏறவே இல்லை. ஆனால் குழாய்ப் பாதைகள், லிஃப்ட் கூண்டு, படிக்கட்டு வழியாகப் புகை ஏறி, 7ஆம் மாடி இரவு விடுதியை நிரப்பிவிட்டது. 118 பேர் இறந்தார்கள். புகையில் மாண்டவர்களே அதிகம். தாங்க முடியாமல் சன்னல் வழியே குதித்தவர்களும் உண்டு.

ஓடும் பச்சை மனிதர்

தியேட்டரிலும் ஜவுளிக்கடையிலும் வாசலுக்கு மேலே பச்சை விளக்கில் ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருப்பாரே, அவருக்கும் ஜப்பான்தான் சொந்த ஊர். 1970களில் அங்கே நடந்த அங்காடித் தீவிபத்துகளை அடுத்து, வெளியேறும் வழிக்கு எல்லோருக்கும் புரியும் சின்னம் வேண்டும் என்று போட்டி வைத்துத் தேடினார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் செம்மைப்படுத்திய இந்தப் படம் 1985இல் உலகத் தரமானது. நம் கடைகளில் இவருக்குப் பெரும்பாலும் ஒரே எதிரி, தள்ளுபடி பேனர். ஆடித் தள்ளுபடி முடியும்வரை அவர் அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்.

தீக்குச்சி சொல்லும் சூத்திரம்

1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தீப்பெட்டியின் ரகசியம் பிரித்து வைப்பதில் இருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் பற்றும். 1844இல் சுவீடன்காரர் குஸ்தாஃப் எரிக் பாஷ் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கட்டடத்துக்கும் இதே சூத்திரம்தான். எரியும் சரக்கு ஒரு பக்கம், மின்சாரமும் அடுப்பும் வேறு பக்கம், நடுவே நல்ல சுவர்.

அறைக்கு 4 பேர்

பட்டாசு ஆலையில் மருந்தைக் கையாளும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறைகள் சின்னதாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, எந்தப் பக்கமும் ஓடக் கதவுகளோடு நிற்கும். ஓர் அறை போனாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்ற கணக்கு. பெரிய விபத்து நடந்த ஆலைகளில் விசாரித்தால் திரும்பத் திரும்ப வருவது இந்த விதியை மீறிய கதைதான்: அறைக்குள் கூடுதல் ஆள், அளவுக்கு மீறிய மருந்து, இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து வேலை.

வாசலில் ஒரு செம்புத் தகடு

விவரமான போர்மேன் இருக்கும் ஆலையில் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகும் ஆள் முதலில் அதில் கை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். நைலான், பாலியெஸ்டர் துணிக்குத் தடை, பருத்திதான். இரும்புக் கரண்டியும் கூடாது. உரசினாலும் பொறி பறக்காத மரம், பித்தளைச் சாமான்கள்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக்கு இத்தனை ஏற்பாடு. நம் கடைகளிலோ, ஒரே பிளக்கில் 4 மல்டி பின் செருகி அதில் இண்டக்‌ஷன் அடுப்பையும் மாட்டியிருப்போம்.

ஈரம் பட்ட மருந்து

தண்ணீர் பட்டால் மருந்து நமத்துப் போய்விடும், ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினை நடந்து தானாகவே சூடேறும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானே பற்றும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் காரணம். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் கிடங்கை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக் கூடாது.

குளோரேட்டும் கந்தகமும்

பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிமருந்துக் கலவைக்கு 1992 முதல் இந்தியாவில் தடை. லேசாக உரசினாலோ இடித்தாலோகூடப் பற்றிக்கொள்ளும் அபாயமான ஜோடி அது. கோயில் திருவிழாவுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று உரிமம் இல்லாதவர்களிடம் வெடி வாங்கும்போது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, ஏற்றி வரும் வண்டிக்காரருக்கும் தெரியாது.

பட்டாசுக் கடைக்கு மாடி ஆகாது

நிரந்தரப் பட்டாசுக் கடைக்கு 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கச்சிதமாக எல்லை போடுகின்றன. கடையின் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையவும் கூடாது, 25 சதுர மீட்டரைத் தாண்டவும் கூடாது. தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். அண்டர்கிரவுண்டிலோ, படிக்கட்டு, லிஃப்ட் பக்கத்திலோ, குடியிருக்கும் மாடிக்குக் கீழேயோ கூடாது. தனி வாசலும் அவசர வாசலும் வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே, சட்டென்று கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சீசனில் ஒருநாள் பஜார் பக்கம் போனால் இந்தப் பட்டியலை வைத்து நீங்களே மார்க் போட்டுப் பார்க்கலாம்.

சீசன் ஷெட்டுக்கு 3, 50, 50

தீபாவளிக்கு மைதானத்தில் போடும் தற்காலிகக் கடைகளுக்கு வேறு கணக்கு. ஷெட் எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. கடைகள் எதிரும் புதிருமாக முகம் பார்க்கக் கூடாது. பல்பு வயரில் தொங்கக் கூடாது, சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். ஷெட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டவும் தடை. ‘ஒரு சாம்பிள் வெடிச்சுக் காட்டுங்கண்ணே’ என்று இனி கேட்காதீர்கள்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபம். நிகழ்ச்சி முடிவில் பரிசு தருகிறார்கள் என்று கேட்டதும் மாடியிலிருந்து குழந்தைகள் முண்டியடித்து இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உள்பக்கம் திறப்பது. அதையும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வைத்துத் தாழிட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். தீயே இல்லாமல் நடந்த சாவு இது. தள்ளினாலே திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892இல் அங்கே காப்புரிமை பெறப்பட்டது. கூட்டம் நெருக்கும்போது கதவை யாராலும் தன் பக்கம் இழுக்க முடியாது. கூட்டம் கூடும் இடங்களில் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பூட்டு யாருக்காக?

1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆயத்த ஆடை ஆலையில் தீ. துணி திருட்டுப் போய்விடுமே என்று ஒரு வாசலைப் பூட்டியிருந்தார்கள். 146 பேர் இறந்தார்கள். நூறாண்டு கழிந்து 2019 டிசம்பர் 8 அதிகாலை, டெல்லி அனாஜ் மண்டியில் பட்டறைகள் நிறைந்த கட்டடத்தில் தீ. அங்கேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 43 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில். இரவில் ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுப் போகும் முதலாளிகள், பரணிலோ மாடியிலோ ஆள் படுத்திருந்தால், உள்ளிருந்து திறக்கும் இன்னொரு வழி இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

படிக்கட்டு, புகைபோக்கி ஆகிவிடும்

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசியில் ஆர்டர் குவியும். கிடங்கு நிறைந்ததும் பண்டல்கள் முதலில் ஏறுவது படிக்கட்டில். தேசியக் கட்டட நெறிமுறைப்படி கடைக் கட்டடத்தில் படிக்கட்டின் அகலம் குறைந்தது 1.5 மீட்டர், மண்டபங்களுக்கு 2 மீட்டர். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். பண்டல், தண்ணீர் கேன், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? படிக்கட்டுக் கூண்டின் அடியில் தீப்பிடித்தால் புகை முழுதும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். மாடியிலிருப்பவர்கள் இறங்கவும் அதே வழிதான்.

நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு

படிக்கட்டு வாசலில் தானாகச் சாத்திக்கொள்ளும் கனமான கதவு இருந்தால் அது தீத்தடுப்புக் கதவு. சான்றிதழ் பெற்ற நல்ல கதவு 2 மணி நேரம்கூடத் தீயைத் தாங்கும். சிலவற்றின் விளிம்பில் ஒரு பட்டை ஓடும். சூடு பட்டதும் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். காற்று வரட்டும் என்று இந்தக் கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்தால், செலவழித்த பணமும் வீண், கதவும் வீண். ஏசி குழாய்க்கும் இன்டர்நெட் கேபிளுக்கும் சுவரைத் துளைத்துவிட்டு ஓட்டையை அப்படியே விடுவதும் இதே தப்புதான்.

18.30 மீட்டர் மயக்கம்

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி பஜார்க் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ‘நம்முடையது சின்னக் கட்டடம்தானே’ என்ற தைரியம் அங்கிருந்து வருகிறது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் எரிந்த கல்யாண மண்டபமும் பெரிய உயரம் இல்லை. மாடியில் போட்ட கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறங்கும் வழி நெருக்கடியாக இருந்தால் ஒரு மாடியும் உயரம்தான்.

முகப்புக் கண்ணாடி

2017 மே 31 அதிகாலை, சென்னை தி.நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். மேல்மாடியில் இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டார்கள். ஆனாலும் தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு முழுதும் இடிக்க வேண்டியதாயிற்று. சன்னலில்லாமல் கண்ணாடியால் மூடிய முகப்பு பார்க்க எடுப்பாக இருக்கும். தீப்பிடித்தால் புகை வெளியேறாது, தண்ணீரும் உள்ளே போகாது.

லிஃப்ட் வேண்டாம்

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. ஒரு சிறுமி உட்பட குறைந்தது 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கி மூச்சுத் திணறியவர்கள் அவர்கள். தீயில் கரண்ட் போனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும், கூண்டுக்குள் புகை இறங்கும். லிஃப்ட் பக்கத்தில் ‘தீ விபத்தின்போது பயன்படுத்தாதீர்’ என்ற பலகை மட்டும் போதாது. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் வேண்டும்.

சிவப்புக் குமிழ் 68 டிகிரி

கூரையில் தொங்கும் ஸ்பிரிங்ளரில் சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே சிவப்புத் திரவம் என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும். மஞ்சள் 79, பச்சை 93. சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒரே சமயத்தில் மழை பொழியாது. எது சூடானதோ அது மட்டும் திறக்கும். 1874இல் அமெரிக்காவின் ஹென்றி பார்மலி தன் பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்ற அமைத்த கருவியிலிருந்து வளர்ந்தது இது. அதற்குக் கீழே கூரை முட்ட அட்டைப்பெட்டி அடுக்கினால் தண்ணீர் தீயைத் தொடாது.

முள் பச்சையில் இருக்கிறதா?

சுவரில் மாட்டிய பவுடர் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பட்டையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: மூடினால் தீ அணையும் என்பது பட்டாசுக்குப் பொருந்தாது. எரியத் தேவையான ஆக்சிஜனை மருந்தே வைத்திருக்கிறது. பட்டாசு ஸ்டாக் பிடித்துக்கொண்டால் சிலிண்டரோடு எதிர்த்து நிற்காமல் ஆட்களை வெளியேற்றுங்கள்.

எண்ணெய்ப் பரோட்டாக் கல்

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, கல்லில் குளம்போல் நிற்கும் எண்ணெயில் பொரிகிறது. அந்த எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டராகப் பெருகும். எண்ணெயின் அடியில் போன தண்ணீர் அப்படிப் பொங்கி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைக்கும். முதலில் காஸை மூடுங்கள். பிறகு பெரிய மூடி அல்லது தகட்டால் கல்லை மூடுங்கள். ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது.

வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் அவர்களில் பலர். 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் வீடுகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு எரிந்தபோதும் கூட்டம் கூடியது. பெருவெடிப்பில் 23 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்தன. முதல் சத்தத்துக்குப் பின் அடுத்தது வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. செல்போனில் படம் பிடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

இங்க்கும் பற்பசையும்

தீக்காயத்தில் இங்க், பற்பசை, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்னே கழற்றிவிடுங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். காயம் இல்லாவிட்டாலும், புகையில் மாட்டிய ஆள் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும், ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்.

101க்கு என்ன சொல்ல வேண்டும்?

1944 ஏப்ரல் 14, பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் பஞ்சுப் பொதிகளில் தீ. அதே கப்பலில் வெடிமருந்தும் இருந்தது. அதை எச்சரிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. கப்பல் வெடித்தபோது தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 தீயணைப்போர் நாள். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப்போன 2 வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து இறந்தார்கள். ஆகவே 101 அல்லது 112ஐ அழைக்கும்போது ‘சீக்கிரம் வாங்க சார்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தெரு, எந்த அடையாளம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், கட்டடம் எவ்வளவு பழசு என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாமல் 4 பெட்டி வெடி அடுக்கியிருந்தாலும் மறைக்காதீர்கள். கேஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; உள்ளே நுழையப்போகிறவருக்கு அது இப்போதே தெரிய வேண்டும்.